கடைப் பையனுக்கு ஒரு கடிதம்

இந்தப் பத்தியில் நான் வழக்கமாக எழுதுவது கொள்வனவு, கடன், காசோலை, கணக்கு என்று வியாபார விஷயங்களைத்தான். இந்த வாரம் வேலை தேடுவதைப் பற்றி எழுதுகிறேன். "முதலாளிமாருக்கு வேலை தேடும் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நமது பிள்ளைகளில் பலர் இன்று கடையில் உட்கார விரும்புவதில்லை. நமது கடைகளில் நிற்கும் தோட்டத்துப் பையன்களும் என்றென்றைக்கும் நம்மோடு நிற்கப் போவதில்லை. இரண்டு தரப்பாரும் கையில் போனை வைத்துக்கொண்டு வேலை தேடுகிறார்கள். எப்படித் தேடுவது என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

ஹட்டனில் எனக்கு மின்சாரப் பொருட்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு பையன் நான்கு வருடம் என்னிடம் நின்றான். சாமான் எடுத்துக் கொடுக்க வந்தவன், கடைக்கு வரும் எலக்ட்ரீசியன்மாரோடு சேர்ந்து போய் வயரிங் வேலையும் நன்றாகப் பழகிக்கொண்டான். ஒருநாள் மாலை கடையைப் பூட்டும் நேரம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"முதலாளி, ஒரு லட்சம் ரூவா வேணும். சம்பளத்துல கழிச்சுக்கோங்க."

எதற்கு என்று கேட்டேன். போனை நீட்டினான். வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம். வளைகுடா நாடொன்றில் எலக்ட்ரீசியன் வேலை, மாதம் நான்கு லட்சம் ரூபா சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், பத்து நாளில் பயணம். தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆவதற்கே வருடக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. 2021இல்தான் அதற்கு வர்த்தமானி வந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு நான்கு லட்சம் என்ற எழுத்தைக் கண்டால் மற்ற எழுத்துகள் கண்ணில் படாது. அவனைக் குறை சொல்ல முடியாது.

அன்றிரவு அவனைக் கடைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தேன். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தைத் திறந்து, அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் நிலையங்களின் பட்டியலைப் பார்த்தோம். விளம்பரத்திலிருந்த பெயர் அதில் இல்லை. மறுநாள் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் பேசினோம். அப்படியொரு நிறுவனம் பதிவில் இல்லை என்றார்கள். ஒரு லட்சம் தப்பியது என்று நான் மூச்சுவிட்டபோதுதான் பையன் தலையைக் குனிந்தான். முற்பணமாக நாற்பதாயிரம் ஏற்கெனவே போய்விட்டதாம். தாய் தன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த காசு. அந்தப் பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தாய் கடைக்கு வந்தார். அழவில்லை. "மொதலாளி, நாலு வருஷமா ஒங்ககிட்டதானே வேல செஞ்சான். ஒரு நல்ல வேல எப்புடித் தேடுறதுன்னு நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பையனோடு உட்கார்ந்து நான் படித்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையிருப்பு

கடைக்குச் சாமான் போடும் முன் கையிருப்பை எண்ணுகிறோம். வேலை தேடுவதிலும் அதுதான் முதல் வேலை. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், பயிற்சிச் சான்றிதழ்கள், வேலை செய்த இடத்தின் சேவைக் கடிதம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும்.

மலையகத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெயர். பிறப்புப் பதிவில் ஒரு விதம், பாடசாலைப் பதிவில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுத்துகள் கூடிக் குறைந்துவிடுகின்றன. தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதிலும் குழப்பம். எங்கள் பையனுக்கு மூன்று பத்திரங்களில் மூன்று பெயர்கள் இருந்தன. சின்ன வித்தியாசமென்றால் இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்வது வழக்கம். பெரிய பிழையென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விசாரித்துப் பிறப்புப் பதிவையே திருத்த வேண்டும். இதற்கு நாள் எடுக்கும். வேலை கிடைத்த பிறகு ஓடித் திரிந்தால் வேலை காத்திருக்காது. ஆகவே தேடத் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

பெறுபேற்றுப் பத்திரம் தொலைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் மூலம் சான்றுப்படுத்திய பெறுபேற்றுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாப் பத்திரங்களையும் தெளிவாக ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி போட்டு வைப்பது நல்லது. மழையில் நனையாது, லயத்தில் தீப்பிடித்தாலும் எரியாது.

கைத்தொழிலுக்கு ஒரு சான்றிதழ்

தோட்டத்துப் பிள்ளைகள் பலரிடம் தொழில் இருக்கிறது, கடதாசி இல்லை. கடையில், கராஜில், மேசன் பாஸோடு நின்று பழகிய தொழில். "எங்கே படித்தாய்?" என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது.

இதற்கு நாட்டில் ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு நடத்தும் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. முறையில் மொத்தம் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போய்ப் படித்தவருக்கு மட்டும் இது கிடைக்கும் என்றில்லை. வேலை செய்து பழகியவர், அந்த அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டியும் பெறலாம். இதை முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். நைட்டா எனப்படும் பயிலுனர் பயிற்சி அதிகார சபையிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். புதிதாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஹட்டனிலேயே தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. எந்தப் பாடநெறியில் சேரும் முன்பும் அந்த நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவானதா என்று அதன் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவில்லாத இடத்தில் பெற்ற அழகான சான்றிதழ் சுவரில் தொங்கத்தான் உதவும்.

பையனை இதற்கு அனுப்பத் தயார் செய்தபோது என் தலைதான் குனிந்தது. அனுபவத்துக்கு ஆதாரம் வேண்டும். நான்கு வருடம் வேலை செய்த இடம் என் கடை. நான் அவனுக்கு நியமனக் கடிதம் கொடுத்ததில்லை. சம்பளச் சிட்டை கொடுத்ததில்லை. ஊழியர் சேமலாப நிதியில் பெயர் பதிந்ததும் இல்லை. பெருநாளைக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தேன், தீபாவளிக்குக் காசு கொடுத்தேன், சுகமில்லாதபோது மருந்துக்குக் கொடுத்தேன். இவ்வளவும் செய்த நான் ஒரு கடதாசித் துண்டு கொடுக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் அந்த நான்கு வருடமும் அவன் சும்மா இருந்தவன்.

எங்கே தேடுவது?

2005 முதல் அரசாங்கம் நெனசல நிலையங்களைத் திறந்தபோது கணினியைப் பார்க்கவே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இன்று இணையம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஆனாலும் பேஸ்புக்கில் வரும் விளம்பரத்தைப் பார்ப்பதைத்தான் வேலை தேடுவது என்று நினைக்கிறார்கள். விளம்பரம் நம்மைத் தேடி வருவது வேறு, நாம் வேலையைத் தேடிப் போவது வேறு.

தனியார் துறை வேலைகளுக்கு டொப்ஜொப்ஸ், எக்ஸ்பிரஸ்ஜொப்ஸ் ஆகிய இணையத்தளங்கள் இருக்கின்றன. இக்மன் தளத்திலும் வேலைப் பகுதி உண்டு. இவற்றில் தொழில் வகை, பிரதேசம் என்று பிரித்துப் பார்க்கலாம். தொழிலின் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தேடினால் விளம்பரங்கள் அதிகம் கிடைக்கும். ஒரே தொழிலுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். எலக்ட்ரீசியன் என்று தேடியவன் டெக்னீஷியன், மெயின்டனன்ஸ் என்றும் தேட வேண்டும். பெரிய ஹோட்டல்கள், வங்கிகள், ஆடைத் தொழிற்சாலைகள் தமது சொந்த இணையத்தளத்திலேயே வெற்றிடங்களைப் போடுகின்றன. நுவரெலியாவிலும் கண்டியிலும் எத்தனை ஹோட்டல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அரசாங்க வேலைக்கு வர்த்தமானிதான் ஆதாரம். வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் அதில் வரும். தமிழிலும் வருகிறது, அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். "வர்த்தமானி வந்தது எனக்குத் தெரியாது" என்று முடிவுத் திகதிக்குப் பிறகு வருந்துகிற பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். எந்த அரசாங்கச் சேவையைப் பற்றியும் மூன்று மொழியிலும் விசாரிக்க 1919 என்ற தகவல் நிலைய இலக்கம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தொழில் வழிகாட்டல் அவர்களுடைய கடமை. போய்க் கேட்பதற்குப் பணம் தேவையில்லை.

சுயவிபரக் கோவை

என் கடைக்கே சில சுயவிபரக் கோவைகள் வந்திருக்கின்றன. ஐந்து பக்கம், பூப்போட்ட அட்டை, உள்ளே ஒரு சமாச்சாரமும் இல்லை. பெரும்பாலானவை தொடர்பாடல் கடையில் ஒரே மாதிரியில் பெயரை மாற்றி அடித்தவை.

இரண்டு பக்கம் போதும். பெயர், விலாசம், தொலைபேசி, மின்னஞ்சல். பிறகு செய்யத் தெரிந்த வேலை. அதன் பிறகு அனுபவம், கல்வி, மொழி, விசாரிக்கக்கூடிய இருவரின் பெயர். "வயரிங் தெரியும்" என்று எழுதுவதைவிட, எத்தனை வீடுகளில் வேலை செய்தான், ட்ரிப் ஸ்விட்ச் பொருத்தத் தெரியுமா, மூன்று பேஸ் வேலை தெரியுமா என்று எழுதினால் வாசிக்கிற முதலாளிக்கு ஆளைப் புரியும். மொழி மலையகப் பிள்ளைகளின் பெரிய முதல். தமிழும் சிங்களமும் பேசுகிற பையனைக் கொழும்பில் தேடித் திரிகிறார்கள். அதைக் கடைசி வரியில் ஒளித்து வைக்கக் கூடாது. பொய் எழுதவே கூடாது. ஒரு கேள்வியில் பிடிபடும்.

மின்னஞ்சல் முகவரி சொந்தப் பெயரில் இருக்கட்டும். சினிமா நடிகர் பெயரில் முகவரி வைத்திருக்கும் பிள்ளையை எந்த வங்கியும் அழைக்காது. கோவையை பி.டி.எப். ஆக மாற்றி, கோப்புக்குத் தன் பெயரையும் பதவியையும் இட்டு அனுப்ப வேண்டும். எங்கே, எந்தத் திகதியில், எந்த வேலைக்கு விண்ணப்பித்தான் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். கடன் கொப்பி எழுதாத கடைக்காரனின் கதி நமக்குத் தெரியும்தானே.

நேர்முகப் பரீட்சை

போகும் முன் அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தை வாசித்து, என்ன செய்கிறார்கள், எங்கே கிளைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூலப் பத்திரங்களும் பிரதிகளும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி எப்படியும் வரும். இரண்டு நிமிடப் பதிலைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். எங்கள் பையன் கடையில் ரெஜிஸ்டர் மேசைக்கு முன்னால் நின்று என்னிடமே சொல்லிப் பழகினான். முதல் நாள் குரலே வரவில்லை. ஐந்தாம் நாள் நிமிர்ந்து பேசினான்.

மலையிலிருந்து போகிறவர் காலை பஸ்ஸை நம்பக் கூடாது. மூடுபனி, மண்சரிவு, கினிகத்தேனைப் பக்கம் ஒரு லொறி புரண்டால் போதும், பரீட்சை போய்விடும். முதல் நாளே கொழும்பிலோ கண்டியிலோ தங்க ஓர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிக நேரம் எப்படி, சேமலாப நிதி உண்டா என்று மரியாதையாகக் கேட்கலாம்.

கள்ள நோட்டை அறிவது போல

நாம் ஐயாயிரம் ரூபா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. வேலை விளம்பரத்தையும் அப்படிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரம் இருப்பது மட்டும் போதாது. அந்த நாட்டின் அந்த வேலைக்கு அந்த முகவர் பணியக அங்கீகாரம் பெற்றிருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்று ஒருவர் சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும். 2022இல் அப்படி ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்டு அகப்பட்ட நமது நாட்டுப் பெண்களின் கதையை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டிருந்த செய்தி 2023, 2024 ஆண்டுகளில் வந்தது. அவர்களில் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

அலுவலக விலாசம் இல்லாமல் வட்ஸ்அப் இலக்கம் மட்டும் இருப்பது, தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்பது, "இன்றைக்கே கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்துவது, நேர்முகப் பரீட்சை இல்லாமலே தெரிவாகிவிட்டீர்கள் என்பது, கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது ஆகியவை கள்ள நோட்டின் அடையாளங்கள். உள்நாட்டு வேலைக்கும் இதே அளவுகோல்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் பணியகத்திலும் பொலிஸிலும் முறையிட வேண்டும். ரசீது, வட்ஸ்அப் செய்தி, வங்கிச் சிட்டை ஒன்றையும் அழிக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

இனி நமக்கு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டம், வேலைக்குச் சேர்பவருக்கு வேலை விபரங்களை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் நமது பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் வேறு. ஒரு பையன் மட்டும் நிற்கிற கடைக்கும் இது பொருந்தும். "சின்னக் கடைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உழைத்தவனின் உரிமையைப் பற்றி நமக்குப் பள்ளியில் சொல்லப்படாததா என்ன?

சிலர் சொல்வார்கள்: "கடிதம் கொடுத்தால் பையன் ஓடிவிடுவான்." உண்மைதான். என்னுடைய பையனும் போய்விட்டான். பிந்தியாவது அவனுக்குச் சேவைக் கடிதம் எழுதினேன். நான்கு வருடம் என்ன வேலை செய்தான் என்று விபரமாக எழுதி, முத்திரை குத்திக் கையொப்பமிட்டேன். பிந்திய சேமலாப நிதியைக் கட்டுவதற்குத் தொழில் அலுவலகத்துக்கும் போனேன். கொஞ்சம் செலவானது, அது நான் வைத்திருந்த அவனுடைய காசுதான். மதிப்பீட்டுக்குப் போய் மூன்றாம் மட்டச் சான்றிதழ் எடுத்தான். பதினொரு இடத்துக்கு விண்ணப்பித்தான். இரண்டு இடத்திலிருந்து அழைத்தார்கள். முதல் இடத்தில் ஆங்கிலத்தில் தடுமாறித் திரும்பி வந்தான். இரண்டாவது இடம் கண்டியில் ஒரு கட்டிட ஒப்பந்தக்காரர். அங்கே உதவி எலக்ட்ரீசியனாக நிற்கிறான். நான்கு லட்சம் இல்லை. ஆனால் மாதம் முடியச் சம்பளச் சிட்டை வருகிறது. அடகிலிருந்த சங்கிலியை ஐந்து மாதத்தில் மீட்டுத் தாய்க்குக் கொடுத்தானாம்.

அவன் போன பிறகு ஒரு மாதம் கடையில் எனக்கு ஒரு கை ஒடிந்தது போலத்தான் இருந்தது. இப்போது அவனே தன் தோட்டத்திலிருந்து இன்னொரு பையனை அனுப்பியிருக்கிறான். "அந்தக் கடையில நின்னா தொழிலும் படிக்கலாம், கடிதமும் குடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பினானாம். புதுப் பையன் வந்த அன்றே நியமனக் கடிதத்தை எழுதிவிட்டேன்.

இந்த வாரக் கணக்கை முடிக்கும்போது உங்கள் கடையில் நிற்கும் பையனைக் கொஞ்சம் பாருங்கள். அவன் எத்தனை வருடமாக நிற்கிறான், அதற்கு அவன் கையில் என்ன கடதாசி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கடிதம் எழுத ஒரு தாளும் பத்து நிமிடமும்தான் தேவை.